வாசகர் கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய மார்க்கெட்டை என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களுடையது சுற்றிலும் தோட்டங்கள் உள்ள சின்னப் பட்டணம். நடுவில் தகரக்கூரை போட்ட பழைய மார்க்கெட் இருக்கிறது. மீன், காய்கறி வியாபாரமெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. இங்கே இரண்டு பூக்கடையும் ஒரு தேத்தண்ணிக் கடையும்தான் மிச்சம். இப்போது இதைச் சுற்றுப்பயணிகள் மையமாக்கப் போவதாகப் பேச்சு. கித்தா (ரப்பர்) போய் செம்பனை வந்து, சனமும் டவுனைத் தேடிப் போய்விட்ட ஊரை யார் வந்து பார்ப்பார்கள்? இடித்துவிட்டு வீடு கட்டினால் நாலு பேர் குடியிருக்கலாம் என்கிறான் என் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, பேராக்

பதில்: இடிக்க விடாதீர்கள் அம்மா. வீடு கட்ட உங்கள் ஊரில் வேறு நிலம் கிடைக்கும், இந்தக் கட்டடம் போனால் போனதுதான்.

யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டையும் ஒரு காலத்தில் இடிக்கத்தான் பார்த்தார்கள். 1888-இல் மீனும் கறியும் விற்கத் தொடங்கிய சந்தை அது, இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1937-இல் எழுந்தது. 1980-களில் பாரம்பரிய ஆர்வலர்கள் விடாமல் குரல் கொடுத்ததால் கட்டடம் தப்பியது, கைவினைச் சந்தையாக மாறியது, இன்று தலைநகருக்கு வருகிறவர்கள் அங்கே ஒரு எட்டுப் போகாமல் திரும்புவதில்லை. உங்கள் ஊர் கோலாலம்பூர் இல்லை, சரி. ஆனால் உங்கள் பேராக்கிலேயே இருக்கும் தைப்பிங்கும் கோலாலம்பூர் இல்லையே! அங்கே உள்ள பழைய மார்க்கெட் 1884, 85 வாக்கில் கட்டியது. அதே 1885-இல்தான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு மலாய் மாநிலங்களின் முதல் ரயில் ஓடியது. மார்க்கெட்டும் ரயிலும் ஒன்றாக வந்ததை வைத்தே அந்த ஊரின் ஈயச் சுரங்கக் காலத்தை ஒரு குழந்தைக்கும் விளக்கிவிடலாம்.

ஆனால் ஒன்று. வியாபாரத்தை மொத்தமாக வெளியே அனுப்பிவிட்டு, ஏர்கோன் போட்டு, நாலு படம் மாட்டி, மேசையில் துண்டுப் பிரசுரங்களை அடுக்கினால் அந்த மையம் ஆறு மாதத்தில் பூட்டிக் கிடக்கும். இங்கிலாந்தில் லெட்பரி என்று ஒரு சின்ன ஊர், அங்கே 1617-இல் கட்டத் தொடங்கிய சந்தை மண்டபம் இருக்கிறது. பதினாறு மரத்தூண்கள் மேல் நிற்கும் கட்டடம். தூண்களுக்கு நடுவே இன்றும் சந்தை கூடுகிறது, ஒரு காலத்தில் தானியம் சேமித்த மேல்தளத்தில் கூட்டமும் கண்காட்சியும் நடக்கின்றன. உங்கள் மாவட்ட மன்றத்திடம் இதைத்தான் கேளுங்கள்: பூக்கடையும் தேத்தண்ணிக் கடையும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், காலியாகிப் போன பக்கத்தில் மையம் வரட்டும். பூ வாங்க வருகிறவர் அப்படியே உள்ளே எட்டிப் பார்ப்பார், வெளியூர்க்காரரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஊர்க்கதை கேட்பார்.

கேள்வி: சாதாரண ஆள் ஒரு கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக்கச் சொல்லி மனுப் போட முடியுமா?
– வாசகர், கெடா

பதில்: முடியும். 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பாரம்பரிய ஆணையரிடம் ஓர் இடத்தை முன்மொழியலாம், அதற்கென்று பாரம் இருக்கிறது. பழைய போட்டோ, கட்டிய ஆண்டு தெரியும் தாள், பெரியவர்கள் சொன்ன விவரம் எல்லாவற்றையும் முதலில் ஒரு கோப்பில் சேருங்கள். தனியாக அலையாமல் கோவில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம், பக்கத்துச் சீனக் கடைக்காரர், கம்பத்துக்காரர் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஊர்க் கட்டடம் எல்லோருக்கும் சொந்தம்தானே.

கேள்வி: ரப்பர் மரம் சீவிய அப்பாவின் பால்வெட்டுக் கத்தியும் பால் பிடிக்கும் நாலு மங்கும் எங்கள் வீட்டில் கிடக்கின்றன. இதையெல்லாம் சுற்றுப்பயணிகள் மையத்தில் வைப்பார்களா?
– வாசகர், சிலாங்கூர்

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் சுற்றுலாப் புத்தகங்களில் ஈயம் வரும், சுல்தான் வருவார், வெள்ளைக்காரத் துரை வருவார், கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரமும் வரும். பால் வெட்டியவர் மட்டும் வரமாட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஆள் சேர்த்த கங்காணி பின்னால் தோட்டத்துக்கு நடந்தவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி அவர்களில் பலருக்குக் கப்பல் செலவைக் கொடுத்தது. 1938-இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பலை நிறுத்தியது. இது அத்தனையும் ஒரு மார்க்கெட் சுவரில் அடங்கிவிடும்.

நானும் தோட்டத்தில் பிறந்தவன். சம்பளம் போட்ட மறுநாள் லாரியில் நின்றுகொண்டே பட்டணத்து மார்க்கெட்டுக்குப் போவோம். அம்மா முதலில் கடன் அடைப்பார், அப்புறம்தான் கருவாடு, அப்புறம் கையில் ஏதாவது மிஞ்சினால் எனக்கு ஒரு ஐஸ் கட்டி. விடியுமுன் பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் வரிசைக்கு) நின்ற சனம், வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாலு மனுசரோடு பேசிய இடம் அதுதான். ஆகவே கத்தியையும் மங்கையும் கொடுங்கள். ஆனால் வெறுமனே கொடுக்காதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எத்தனை வருசம் வெட்டினார் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அம்மா இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, சம்பள நாளில் மார்க்கெட்டில் என்னென்ன வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்று கேட்டு, கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள்.