ஆத்துல கழிவு விடுற பெக்டரிய எப்படி கேள்வி கேக்குறது? மலையகத்து ஆளுங்களோட கேள்விகளும் என் பதிலும்

வணக்கம். ஆத்துத் தண்ணி கெடுறது சம்பந்தமா முறைப்பாடு எழுத, தகவல் கேட்டு விண்ணப்பம் போட நம்ம சனங்களுக்கு உதவி செஞ்சிட்டு வாறேன். வந்த கேள்விகள ஒவ்வொண்ணா பாப்போம்.

தலவாக்கலை பக்கம் இருந்து: அண்ணே, லயத்துக்கு கீழ ஓடுற ஆத்துல ராவானா நுரையும் கறுப்புத் தண்ணியும் வருது, விடிஞ்சா ஒண்ணுமில்ல. சொன்னா ஆதாரம் கேக்குறாங்க.

பெக்டரி கான் ஆத்துல விழுற எடத்த முதல்ல கண்டுபிடிங்க தம்பி. அதுக்கு கொஞ்சம் மேல ஒரு போத்தல், கொஞ்சம் கீழ ஒரு போத்தல், ரெண்டும் ஒரே நேரத்துல புடிக்கணும், ஏன்னா கீழ மட்டும் புடிச்சா "அது மேல இருந்து வாற தோட்டத்து மருந்து, மழை மண்ணு"னு சொல்லி கழண்டுருவாங்க. போத்தல அதே தண்ணியில அலசிட்டு, காத்து இல்லாம வாய் வரைக்கும் நிரப்பி, எடம், திகதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ்ல வெச்சு அன்னைக்கே லேப்புக்கு குடுங்க. ரப்பர் பெக்டரி தண்ணியில அசிட் கலந்திருக்கும், வெறுங்கைய வைக்காதீங்க. ஒரு சி.ஆர். கொப்பியில நிறம், நாத்தம், மழை பெஞ்சதா இல்லையா எல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் எழுதி வைங்க. கேஸ்ல பெருசா நிக்கிறது அதிகாரிங்க வந்து எடுக்குற சாம்பிள்தான், ஆனா அவங்கள ராவுல வர வைக்கிறதுக்கு உங்க கொப்பிதான் வேணும்.

ஹட்டன்ல இருந்து: யாருக்கு எழுதணும்? தோட்டத்து துரைக்கிட்ட (மெனேஜர்) சொல்லி பிரயோசனம் இல்ல.

லைசன்ஸ் குடுத்தவனுக்கு எழுதுங்க. 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்த 1988ல திருத்தினாங்க, அதுல இருந்து கழிவு வெளியேத்துற தொழிற்சாலைக்கு சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கணும். பெருசுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, சின்னதுக்கு பிரதேச சபை மாதிரி உள்ளூராட்சி சபை. 2008 விதியில இருக்குற பொது அளவுப்படி, ஆத்துல விடுற கழிவுத் தண்ணியில பி.ஓ.டி. லீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, சி.ஓ.டி. 250க்கு மேல போகக்கூடாது; சில தொழிலுக்கு அளவு வேற. பி.ஓ.டி.ங்கிறது கழிவு அழுகுறப்போ தண்ணியில இருக்குற ஒக்சிஜன எவ்வளவு தின்னுதுங்கிற கணக்கு, அது கூடினா மீன் மூச்சுத் திணறி மெதக்கும். சி.ஓ.டி.ங்கிறது லேசுல அழுகாத கெமிக்கல் கழிவையும் சேத்துப் பாக்குற அதே மாதிரி கணக்கு. முறைப்பாட்ட பதிவுத் தபால்ல அனுப்புங்க, பிரதி பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பொலிஸுக்கும் போகட்டும். தமிழ்லயே எழுதுங்க, தமிழ்லயே பதில் வாங்குறது உங்க உரிமை.

பதுளையில இருந்து: லைசன்ஸ் இருக்கானு எப்படி தெரிஞ்சுக்கிறது?

2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு கீழ லைசன்ஸ் குடுக்குற அலுவலகத்துக்கே விண்ணப்பம் போடுங்க. ஏன் கேக்குறீங்கனு காரணம் சொல்லத் தேவையில்ல, தாறதா இல்லையானு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். அனுமதிப்பத்திரப் பிரதி, முடியிற திகதி, நிபந்தனைகள், கடைசியா எடுத்த பரிசோதனை அறிக்கை, அதிகாரிங்க எப்ப எப்ப வந்து பாத்தாங்க, இவ்வளவையும் கேளுங்க. தரலன்னா அதே அலுவலகத்துல மேன்முறையீட்ட பாக்குற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அப்பறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கொம்பனி என்னதான் பெரிய ஆளா இருந்தாலும் லைசன்ஸ் புதுப்பிக்க வந்துதான் ஆகணும், அந்த நேரம் உங்க முறைப்பாடு பைல்ல கெடக்கணும்.

பேர் வேணாம்னு கேட்ட அக்கா: எங்க வீட்டுக்காரர் அங்கதான் வேலை. மூடிட்டா சோறு யாரு போடுவா?

அக்கா, உங்க பயம் நியாயமானது. நீங்க கையெழுத்து வைக்கவே தேவையில்ல, தகவல் கோரிக்கைய எந்த இலங்கைப் பிரஜையும் போடலாம், கொழும்புல இருக்குற உங்க தம்பி போட்டாலும் செல்லும். கேக்குறதும் மூடச்சொல்லி இல்ல. பல எடத்துல சுத்திகரிப்பு டேங்க் கட்டியே இருக்கும், கரண்டு பில்லுக்கு பயந்து காத்தூதுற மெசின நிப்பாட்டி வெச்சிருப்பாங்க. தண்ணி கொப்புளிக்காம, மேல பாசி படிஞ்சு அசையாம கெடந்தா அது ஓடலைனு அர்த்தம். அத ஓட்டச் சொல்லித்தான் கேக்குறோம்.

நாவலப்பிட்டியில இருந்து: நட்டஈடு கெடைக்குமா?

கெடைச்சிருக்கு. யாழ்ப்பாணம் சுன்னாகத்துல மின் நிலையத்து எண்ணெய் கிணத்துத் தண்ணியில கலந்த வழக்குல 2019 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம், மாசுபடுத்தினவன்தான் காசு கட்டணும்ங்கிற அடிப்படையில கொம்பனிய 2 கோடி ரூபாய் குடுக்கச் சொல்லிச்சு. கண்காணிக்க வேண்டிய மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் கடமைய செய்யலைனு சொன்னதுதான் நமக்கு பெரிய ஆயுதம், ஏன்னா அடிப்படை உரிமை வழக்கு அரசாங்கத்தோட செயலுக்கோ செயலின்மைக்கோ எதிராத்தான் போடலாம், தனியார் கொம்பனிய மட்டும் வெச்சு போட ஏலாது. உரிமை மீறப்பட்டு ஒரே மாசத்துக்குள்ள போடணும், இத தெரியாமத்தான் நம்ம ஆளுங்க நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுல முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்குற காலம் கணக்குல சேராது. செலவில்லாத வழி வேணும்னா, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தோட 98ஆம் பிரிவுல பொதுத்தொல்லைனு நீதவான் நீதிமன்றத்துக்கு பொலிஸ் மூலமா போகலாம்.

ரோட்ட மறிச்சாதான் கேப்பாங்கனு பொடியன்மார் சொல்றாங்களே?

கூடுறது உங்க உரிமை, நான் வேணாம்னு சொல்லல. ஆனா 2013 ஆகஸ்ட் 1ல கம்பஹா பக்கம் ரதுபஸ்வலையில சுத்தமான தண்ணி கேட்டு எறங்கின சனத்து மேல ஆமி சுட்டு உயிர் போனது. பிள்ளைங்கள முன்னுக்கு நிப்பாட்டாதீங்க, பேப்பர் வேலைய முதல்ல முடிங்க.

அதுவரைக்கும் ஆத்துத் தண்ணிய கொதிக்க வெச்சு குடிக்கலாமா?

வேணாம். கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும், கெமிக்கல் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். பெக்டரிக்கு மேல இருக்குற பீலியில (ஊத்துத் தண்ணி விழுற எடம்) புடிங்க, அதையும் பி.எச்.ஐ.ய கூப்பிட்டு ஒருக்கா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.