ஒரு வருஷம் மட்டும்

அன்புள்ள அக்கா,
என் பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. ஸ்கூல் கோ-கோ டீம்ல மாவட்ட லெவல் வரைக்கும் போயிட்டு வந்தா. அடுத்த வருஷம் பப்ளிக். ஒரு வருஷம் மட்டும் கிரவுண்டை நிறுத்தலாம்னு வீட்ல சொல்றாங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பலாமா? வெயில்ல கறுத்துப் போறான்னு அவ பாட்டிக்கு வேற கவலை.

அன்புள்ள தம்பி,

கோட்டா பத்தி அவ பி.டி. டீச்சர்கிட்ட கேளுங்க. கறுத்துப் போறதுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன். "ஒரு வருஷம் மட்டும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதுலேர்ந்து ரெண்டு நாளா எனக்கு வேற வேலை ஓடல.

நானும் கோ-கோ ஆடினவதான். ஓடறவளைத்தான் எல்லாரும் பாப்பாங்க, ஆனா விரட்டற டீம்ல ஒன்பது பேர்ல எட்டு பேர் உக்காந்துதான் இருப்பாங்க, ஒருத்தி இந்தப் பக்கம் பாத்து, அடுத்தவ அந்தப் பக்கம் பாத்து. குதிகாலைத் தூக்கி, விரல் நுனியை மண்ணுல ஊனி, விரட்டறவ பின்னாடிலேர்ந்து முதுகைத் தொட்டு "கோ"ன்னு கத்தற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, எந்திரிச்சா ஃபவுல். ஒன்பது நிமிஷம் அப்படி. 2025 ஜனவரில டெல்லில முதல் உலகக் கோப்பை ஃபைனல்ல நம்ம பொண்ணுங்க நேபாளத்தை ஜெயிச்சப்போகூட நான் உக்காந்திருந்தவங்களையேதான் பாத்துட்டிருந்தேன். படிக்க உக்காரவே எனக்கு அதுதான் கத்துக்குடுத்துச்சு, சத்தியமா சொல்றேன். ஆறரைக்கு வீட்டுக்கு வந்து முட்டிச் சிராய்ப்பைக் கழுவிட்டு கணக்கு நோட்டைத் திறந்தா ஒன்றரை மணி நேரம் தலை நிமிராது.

பத்தாவது வந்ததும் எங்க வீட்லயும் இதே "ஒரு வருஷம் மட்டும்"தான். பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்ல இருப்பேன், கிரவுண்ட்லேர்ந்து "கோ" சத்தம் வரும், ஒவ்வொரு தடவையும் முதுகு சிலிர்க்கும், போர்டுல என்ன எழுதினாங்கன்னே தெரியாது. முன்னைவிட மூணு மணி நேரம் கூடுதலா புக்கும் கையுமா இருந்தேன், கணக்கு 91லேர்ந்து 68க்கு இறங்குச்சு. அதுக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, டியூஷன் சேத்துவிட்டாங்க! பதினொண்ணாவதுல திரும்பப் போனப்போ என் கட்டத்துல வேற பொண்ணு உக்காந்திருந்தா.

உங்க மேல கோவமாத்தான் இருக்கு தம்பி. லெட்டர்ல அவளைக் கேட்டேன்னு ஒரு வரி இல்ல. பரீட்சைக்கு முன்னாடி ஒரு மாசம் விடட்டும், அது நியாயம். ஜூன்லேர்ந்தே எதுக்கு? நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வர பத்து நிமிஷம் முன்னாடியே போங்க. ஓடறப்போ பாக்க வேண்டாம். அவ உக்காந்திருக்கறப்போ பாருங்க.