செயலி வங்கி போதுமா, பழைய பேங்க் கணக்கும் வேண்டுமா? பினாங்கு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கைப்பேசிச் செயலி வழியாக ஒரு டிஜிட்டல் வங்கியில் கணக்குத் திறந்தேன். வட்டி தினமும் ஏறுகிறது. சம்பளத்தையும் அதிலேயே போடச் சொல்லிவிட்டு, பழைய பேங்க் கணக்கை மூடிவிடலாம் என்று பார்க்கிறேன். சரிதானா?

பதில்: சம்பளத்தை மாற்றுவது உங்கள் விருப்பம். பழைய கணக்கை மட்டும் மூடாதீர்கள், தம்பி.

முதலில் வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு முழுக்கச் சராசரியாக 3,000 வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செயலி வங்கி 2 விழுக்காடு கொடுத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. பழைய சேமிப்புக் கணக்கில் 0.25 விழுக்காடு என்றால் ஏழரை வெள்ளி. வித்தியாசம் மாதத்துக்கு நாலரை வெள்ளிகூட வரவில்லை. வருகிற காசை விட வேண்டியதில்லை. ஆனால் இந்த நாலு வெள்ளிக்காக மற்ற வசதிகளை விட்டுக்கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்த வட்டியும் நிலையானதல்ல. 2025 ஜூலையில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டிலிருந்து 2.75-க்குக் குறைத்தது. அது இறங்கும்போது வங்கிகள் கொடுக்கிற வட்டியும் இறங்கத்தான் செய்யும். புது வாடிக்கையாளருக்கென்று அறிவிக்கும் சலுகை வட்டியோ அவர்கள் நினைத்த நாளில் முடிந்துவிடும்.

நான் கவலைப்படுவது உங்கள் கைப்பேசியைப் பற்றி. கிளை இல்லாத வங்கிக்கு அதுதான் வாசல், அதுதான் சாவி. அது தொலைந்துவிட்டால், அல்லது திரை உடைந்து கறுத்துவிட்டால், புதுக் கைப்பேசி வாங்கிச் செயலியை ஏற்றியவுடன் எல்லாம் பழையபடி திறந்துவிடாது. மோசடியைத் தடுக்க 2022-இல் பேங்க் நெகாரா எல்லா வங்கிகளுக்கும் சில நடவடிக்கைகளைச் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரே சாதனம், புதுச் சாதனத்தைப் பதிவு செய்தால் ஒரு காத்திருப்பு நேரம் என்பவை அவற்றில் அடக்கம். பல வங்கிகளில் அந்தக் காத்திருப்பு 12 மணி நேரம். நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை கட்டும் நாளன்று, கையில் இருக்கிற ஒரே கணக்கு 12 மணி நேரம் பூட்டிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? பழைய பேங்க் கார்டு ஒன்று பர்ஸில் இருந்தால் ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம். மைகார்டு அடையாள அட்டையுடன் கிளைக்குப் போய் ஆளைப் பார்த்தும் பேசலாம்.

என் யோசனை இது: சம்பளமும் கார் லோன் தவணையும் பழைய கணக்கிலேயே ஓடட்டும். மாதச் செலவுக்கான தொகையை மட்டும் சம்பள நாளன்று டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகச் செயலி வங்கிக்கு அனுப்புங்கள். 5,000 வெள்ளி வரை அனுப்புவதற்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, பெட்ரோல், கடைச் செலவெல்லாம் அங்கிருந்து போகட்டும். எதற்கு எவ்வளவு போனது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் புதுச் செயலிகள் பழைய பேங்குகளைவிடப் பல படி மேல். அதற்காகவே அவற்றை நான் சிபாரிசு செய்வேன். பழைய டெபிட் கார்டுக்குப் பல வங்கிகளில் ஆண்டுக்கு 8 வெள்ளி கட்டணம் உண்டு. கொடுக்கத் தகுந்த காசுதான் அது.

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், வயது 60. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி இருக்கிறது. முழுவதையும் எடுத்து ஒரு டிஜிட்டல் வங்கியில் போடச் சொல்கிறான் மகன். அந்த வங்கி நாளைக்கு மூடிவிட்டால் என் கதி என்ன?

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் ஐந்து குழுக்களுக்கு டிஜிட்டல் வங்கி உரிமம் கிடைத்தது. ஜிஎக்ஸ் பேங்க், ஏயோன் பேங்க், பூஸ்ட் பேங்க், கேஏஎஃப் டிஜிட்டல் பேங்க், ரைட் பேங்க் ஆகியவை அந்த வழியில் வந்தவை. மேபேங்கில் போட்ட பணத்துக்கு என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு இவற்றில் போட்ட பணத்துக்கும் உண்டு. வங்கி விழுந்தால் பிஐடிஎம் என்கிற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை, வட்டியையும் சேர்த்து, திருப்பிக் கொடுக்கும். உங்கள் தொகை அந்த வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே எந்த வங்கியானாலும் முழுவதையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

இங்கே பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. இ-வாலட்டில் இருக்கும் பணம் வங்கி வைப்பு அல்ல, பிஐடிஎம் பாதுகாப்பு அதற்கு நேரடியாகக் கிடையாது. பூஸ்ட் என்ற பெயரில் இ-வாலட்டும் இருக்கிறது, பூஸ்ட் பேங்க் என்ற வங்கியும் இருக்கிறது. பணம் எதில் போகிறது என்று மகனிடம் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிஐடிஎம் சின்னம் அங்கே இருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. எதற்காக எடுக்க வேண்டும்? ஓய்வு வயது வந்துவிட்டது என்பதற்காக இபிஎஃப் பணத்தை முழுவதும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 100 வயது வரை அங்கேயே வைத்து லாப ஈவு பெறலாம். 2024-ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் அறிவித்தது 6.30 விழுக்காடு. எந்தச் சேமிப்புக் கணக்கும் இதன் பக்கத்தில்கூட வராது. தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் பெயரில் இருக்கும் பேங்க் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மகன் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். இந்தக் கணக்கை அவரிடமும் காட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தட்டி எந்த வங்கிச் செயலியையும் ஏற்றாதீர்கள். பணம் பறிபோனது தெரிந்தால் அடுத்த நிமிடமே வங்கியையோ, மோசடிப் புகாருக்கான 997 எண்ணையோ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரம் க்யூஆரில், பாதி ரொக்கம். செயலி வங்கி ஒன்றே போதுமா?

பதில்: போதாது, அம்மா. முழம் முழமாகப் பூ விற்று வரும் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளைக் கைப்பேசிக்குள் போட முடியாது. அதற்கு ரொக்கம் கட்டும் இயந்திரம் உள்ள பேங்க் வேண்டும். லெபு பாசாரிலிருந்து லெபு பந்தாய்க்கு நடக்கிற தூரத்தில் பேங்குகள் வரிசையாக இருக்கின்றன. ரொக்கம், க்யூஆர் இரண்டையும் அந்த ஒரே கணக்குக்கு வரச் செய்யுங்கள். நாளைக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில், இந்திய வணிகர்களுக்கான ஸ்புமி கடன் கேட்டாலும் சரி, பேங்கில் கேட்டாலும் சரி, முதலில் கேட்பது பேங்க் ஸ்டேட்மென்ட்தான். விற்பனை மூன்று செயலிகளில் சிதறிக் கிடந்தால், நன்றாக ஓடுகிற கடைகூடக் காகிதத்தில் நொடித்த கடையாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் தாமான் கோயில் பதிவு பெற்ற சங்கம். நடப்புக் கணக்கில் வட்டி இல்லை, செக் எழுதினால் கட்டணம் வேறு. பொருளாளர் பெயரில் செயலி வங்கியில் கணக்குத் திறந்து காணிக்கையை க்யூஆரில் வாங்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். பொருளாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். அவர் பெயரில் இருக்கும் பணம் சட்டத்தின் கண்ணில் அவர் பணம். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் கணக்கு முடங்கும். திருவிழாச் செலவுக்கு வைத்த காசை அவர் குடும்பத்தின் சொத்து விவகாரத்திலிருந்து மீட்க நிர்வாகம் அலைய வேண்டியிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் நேராவிட்டாலும், அவருடைய வீட்டுச் செலவும் கோயில் காணிக்கையும் ஒரே பட்டியலில் வரும். ஆண்டுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? நேர்மையானவர்கள் மேல் பழி விழுவது இப்படித்தான்.

நடப்புக் கணக்கின் பலம் வட்டியில் இல்லை. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கும், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே போகும். சங்கப் பதிவகத்துக்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்பும்போது பேங்க் ஸ்டேட்மென்டே சாட்சி. செக்குக்கு 50 சென் கட்டணமும் 15 சென் முத்திரை வரியும் போவது உண்மை. அது உறுத்தினால் அதே கணக்கில் இணையச் சேவை கேளுங்கள். ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை அதில் உண்டு.

இளைஞர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. க்யூஆர் வேண்டும், இப்போது யார் கையிலும் சில்லறை இல்லை. அதே பேங்கிடம் சங்கத்தின் பெயரில் டூயிட்நவ் க்யூஆர் கேளுங்கள். உண்டியலுக்குப் பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்கிறவர் திரையில் கோயில் பெயரைப் பார்க்க வேண்டும், ஒரு தனியாளின் பெயரை அல்ல.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். செயலி வங்கியில் கணக்குத் திறந்து கார்டைக் கொடுத்தால் மாதம் 300 வெள்ளி தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதே, தம்பி. மோசடிப் பணம் கைமாற இப்படித்தான் கணக்குகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரை. இதற்கென்றே 2024-இல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள், சிறைத் தண்டனையும் உண்டு. ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால், இன்றே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல். பிறகு வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடு.