பாறைக்குள் தண்ணீர் விடுவது ஒரு வேலையா?

வணக்கம் அம்மா. "கிணற்றில் தண்ணீர் விடவா நாலு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கவைத்தோம்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணெய் வயலில் ஒரு கிணற்றில் விடும் தண்ணீர்தான் பாறைக்குள் இருக்கும் எண்ணெயை இன்னொரு கிணற்றை நோக்கித் தள்ளுகிறது. அந்த எண்ணெயை எடுக்க வழி பார்க்கும் ரிசர்வாயர் இன்ஜினியரிங்கில் மூளைக்கு அதிகம் வேலை வைக்கிற இடத்தைத்தான் உங்கள் மகன் பிடித்திருக்கிறான்.

காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடியை நைஸாக அரைத்து இறுக்கி அழுத்திவிட்டால் டிகாஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். பொறுக்காமல் ஸ்பூனால் குத்தினால், தண்ணீர் அந்த ஓட்டை வழியே ஓடிவிடும். கீழே வெளுத்த தண்ணீர், மேலே நனைந்த பொடி.

இறுகிய பாறையிலும் இதே சங்கடம்தான். சீனாவின் ஓர்டோஸ் படுகையில் உள்ள சாங்சிங் எண்ணெய் வயலில் பல பாறைகளின் ஊடுருவுதிறன், அதாவது திரவத்தை உள்ளே ஓடவிடும் திறன், 1 மில்லிடார்சிக்கும் (அதை அளக்கும் அலகு) கீழே, ரொம்பவே குறைவு. அழுத்தம் ஒருமுறை விழுந்தால் நுண்துளைகள் சுருங்கிக்கொள்ளும், பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பாது. அதனால் எண்ணெய் எடுப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தண்ணீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றிவைக்கிறார்கள். விரிசல்கள் ஓடும் திசையைப் பார்த்துத்தான் கிணறுகளை வரிசைப்படுத்த வேண்டும். தப்பினால் செலுத்திய தண்ணீர் நேரே எண்ணெய் எடுக்கும் கிணற்றில் போய் எட்டிப்பார்க்கும், ஸ்பூனால் குத்திய கதைதான். தண்ணீரிலும் கவனம் வேண்டும். உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டால் சில களிமண் வகைகள் உப்பித் துளையை அடைக்கும், அதற்காகப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதுண்டு. இவ்வளவையும் கணக்குப் போட ஒருவர் வேண்டும் இல்லையா?

சரி, வேலை கிடைக்குமா? மழுப்பாமல் சொல்கிறேன்: கச்சா எண்ணெய் விலை விழுந்தால் ஆளெடுப்பும் விழும். 2015-லும் 2020-லும் அதைப் பார்த்தோம். அதனால் பி.டெக் முடித்ததும் நேரே களத்துக்கு ஓட வேண்டாம். எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வில் 2017 முதல் பெட்ரோலியத்துக்குத் தனித் தாளே இருக்கிறது. தன்பாத், சென்னை ஐஐடிகளில் எம்.டெக் படிக்கலாம். அகமதாபாத்தில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு ரிசர்வாயர் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. எண்ணெய் கைவிட்டாலும், நுண்துளைகள் வழியே திரவம் எப்படி ஓடும் என்று சொல்லும் டார்சி விதி கைவிடாது. நிலத்தடி நீருக்கும், கார்பனை நிலத்துக்கடியில் சேமிப்பதற்கும் அதே கணக்குதான்.

இப்போதைக்கு ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு கிணற்றில் தண்ணீரை விட்டு இன்னொன்றில் எண்ணெய் எடுக்கும் சின்ன மாதிரியை அவனே பைத்தானில் எழுதட்டும். இரண்டே நாளில் சலித்துப்போனால் வேறு துறை பார்க்கலாம். அப்புறம், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அவன் மார்க் என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை அனுப்புங்கள், பேசுவோம்.