இரண்டாம் உலகப் போரில் தோற்றது ஜப்பான்தானே, கொரியா ஏன் இரண்டாகப் பிரிந்தது?

ஜெர்மனி தோற்றது, பிரிக்கப்பட்டது, சரி. கொரியா யார் மீதும் போர் தொடுக்கவில்லை. 1910 முதல் ஜப்பானுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாடு அது. அதனால்தான் இந்தப் பிரிவினை எனக்கு இன்னும் ஆறவில்லை.

1945 ஆகஸ்ட்டில் சோவியத் படைகள் வடக்கிலிருந்து கொரியாவுக்குள் நுழைந்தன. அமெரிக்கப் படைகளோ பக்கத்தில்கூட இல்லை. வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளிடம், எங்கே கோடு போடலாம் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 10 நள்ளிரவு வாக்கில், ஒரு நேஷனல் ஜியாகிரஃபிக் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் 38-வது அட்சக்கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைநகர் சியோல் தங்கள் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஸ்டாலினும் ஒப்புக்கொண்டார். கொரியர்கள் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

ஜப்பானியப் படைகளின் சரணடைவை ஏற்பதற்கான தற்காலிகக் கோடு அது. பனிப்போர் முற்றியதும் அதுவே எல்லையாக இறுகியது. 1948 மே மாதம் தெற்கில் மட்டும் தேர்தல் என்று முடிவானபோது, விடுதலைப் போராட்டத் தலைவர் கிம் கூ பதறிப்போய் பியோங்யாங் வரை சென்று பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று சிங்மன் ரீ தலைமையில் தெற்கு அரசு, செப்டம்பர் 9 அன்று கிம் இல் சுங் தலைமையில் வடக்கு அரசு. முழுக் கொரியாவும் தனக்கே என்று இரண்டுமே சொல்லின.

அப்புறம் 1950-53 போர். அது போர்நிறுத்தத்தோடு நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. 2018 ஆகஸ்ட்டில் வடகொரியாவின் கும்காங் மலையில், பிரிந்துபோன குடும்பங்களுக்காக நடந்த சந்திப்பில், 60 ஆண்டுகளுக்கும் மேல் பார்க்காத பிள்ளைகளை முதியவர்களாகப் பார்த்த பெற்றோரும் இருந்தார்கள். சில மணி நேரம் பேச விட்டு, மறுபடியும் பிரித்து அனுப்பினார்கள்.