பணம் கட்டும் முன் கிராண்டைப் படியுங்கள்: வீடு வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

சிலாங்கூரின் பந்திங், ஜெஞ்சாரோம், கேரித்தீவு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுப் பத்திர வேலை பார்ப்பவள், வழக்கறிஞர் அல்ல. உங்கள் பத்திரத்தைப் பார்த்துக் கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவர் உங்கள் லாயர்தான். ஆனால் லாயரிடம் போகும்போதே பாதிப் பேர் முன்பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் இங்கே சொல்கிறேன். கிராண்ட் என்று நான் சொல்வது நில உரிமைப் பத்திரத்தை.

அக்கா, அப்பாவுக்கு அடுத்த வருஷம் 60 ஆகுது, தோட்டத்து வீட்டைக் காலி பண்ணணும். எனக்கு கிள்ளான்ல கிளார்க் வேலை, சம்பளம் 3,200 வெள்ளி, கார் தவணை 600. கிள்ளான்லயே 350,000 வெள்ளிக்கு ஒற்றை மாடித் தரை வீடு ஒன்னு பார்த்திருக்கோம். வாங்க முடியுமா?

தங்கச்சி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வங்கி 90 விழுக்காடு கொடுத்தால் கடன் 315,000 வெள்ளி. வட்டி 4 விழுக்காடு, 35 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,395. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் போக உன் கைக்கு வருவது 2,800 சொச்சம். வீட்டுத் தவணையும் கார் தவணையும் சேர்ந்தால் அதில் 70 விழுக்காடு போய்விடும். இந்தச் சம்பளத்துக்கு அதைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்காது. ஏற்றுக்கொண்டாலும் மீதி எண்ணூறு வெள்ளியில் அரிசி, பெட்ரோல், அப்பாவின் மருந்து என்று ஓட்ட முடியாது. இதே கணக்கை 220,000 வெள்ளி வீட்டுக்குப் போட்டால் தவணை 880-க்குள் வருகிறது. அந்த விலையில் கிள்ளானில் அடுக்குமாடிதான் கிடைக்கும், தரை வீடு வேண்டுமென்றால் பந்திங் பக்கமே தேடவேண்டி வரலாம். தினமும் கிள்ளான்–பந்திங் சாலை நெரிசலில் போய்வருவது சிரமம்தான், ஆனாலும் கழுத்தை நெரிக்கும் தவணையைவிட அது மேல் என்பது என் எண்ணம்.

அடுத்தது கையில் இருக்கவேண்டிய பணம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 350,000 வெள்ளி வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 35,000. 2023 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள விகிதப்படி லாயர் கட்டணம் முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. வாங்கும் பத்திரத்துக்கு 4,375, கடன் பத்திரத்துக்கு 3,937, சேவை வரியும் சேர்ந்தால் 9,000 அளவில் வந்து நிற்கும். பெயர்மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு, ஆக 6,000. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,575. வாழ்க்கையில் முதல் வீடு, விலையும் 500,000-ஐத் தாண்டவில்லை என்றால் இந்த இரண்டு முத்திரை வரிக்கும் விலக்கு உண்டு. 2026 பட்ஜெட்டில் இந்தச் சலுகையை 2027 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் வீடு என்றால் உண்மையிலேயே முதல் வீடாக இருக்கவேண்டும். தாத்தா வீட்டில் உனக்குப் பங்கு எழுதியிருந்தால், அண்ணன் வீட்டில் சும்மா உன் பெயரைச் சேர்த்திருந்தால், சலுகை போச்சு. மதிப்பீட்டாளர் கட்டணம், சில்லறைச் செலவுகள் வேறு இருக்கின்றன. ஆக 350,000 வெள்ளி வீட்டுக்கு 45,000 வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கையில் இருக்கவேண்டும்.

இபிஎஃப்-இல் எடுத்து முன்பணம் கட்டலாம்தானே?

எடுக்கலாம், ஆனால் முன்பணம் கட்டும் நேரத்துக்கு அது வராது. கையெழுத்தான வாங்கும் பத்திரத்தையும் வங்கியின் கடன் கடிதத்தையும் காட்டினால்தான் இபிஎஃப் பணம் தரும். பத்திரத்தில் கையெழுத்துப் போடவே 10 விழுக்காட்டை முதலில் கட்டியாகவேண்டும். ஆகவே முன்பணத்தை வேறெங்காவது புரட்டிவிட்டு, இபிஎஃப் பணம் வந்ததும் அதை அடைக்கிறார்கள். 2024 மேயிலிருந்து 55 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து, மாதா மாதம் அதில் சேர்வது உங்கள் சந்தாவில் 15 விழுக்காடுதான்.

இன்னொன்று, அப்பா அம்மாவின் இபிஎஃப் பணத்தை மொத்தமாக வீட்டில் கொட்டாதீர்கள். முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணம் அது. வீடு இருந்து கையில் காசு இல்லாத கிழவரை நான் நிறையப் பார்த்துவிட்டேன், மனசு கேட்பதில்லை.

அண்ணன் ஒருத்தர் தோட்டத்துக்குப் பக்கத்துல நிலம் வாங்கி லாட் லாட்டா பிரிச்சு விக்கிறார். ஒரு லாட் 60,000 வெள்ளி, 2,400 சதுர அடி. லோன் வேணாம், மாசா மாசம் அவர்கிட்டயே கட்டலாம்னு சொல்றார். கிராண்ட்ல எங்க பேரும் வருமாம். தோட்டத்துல இருந்து வெளியேறும் எங்க நாலு குடும்பமும் சேர்ந்து வாங்கலாம்னு பேசிட்டு இருக்கோம்.

தம்பி, நில்லுங்கள். இந்த ஒரு கேள்விக்காகவே இன்று எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

முதலில் அந்த நிலத்தின் லாட் எண்ணை வாங்குங்கள், நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' (நிலப் பதிவு விவரத் தாள்) எடுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விற்பவரின் அனுமதி தேவையில்லை. தாளில் 'காத்தகோரி பெங்குனாஆன் தானா' (நிலப் பயன்பாட்டு வகை) என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'பெர்த்தானியான்' என்று இருந்தால் அது விவசாய நிலம். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கருக்குக் கீழே, தனித் தனி கிராண்டாக உடைக்க தேசிய நிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2,400 சதுர அடிக்குத் தனிக் கிராண்ட் வராது. "உங்க பேரும் வரும்" என்று அவர் சொல்வது, மொத்த நிலத்தில் உங்களுக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதுவது. எந்த மூலை உங்களுடையது என்று அந்தக் கிராண்டில் இருக்காது. நாளைக்கு நீங்கள் விற்கவோ அடகு வைக்கவோ நினைத்தால் வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. பங்குதாரரில் ஒருவர் இறந்துபோனால் அவர் வாரிசுகளும் உள்ளே வருவார்கள். வீடு கட்ட நகராண்மைக் கழகத்தின் அனுமதி கிடைப்பது கடினம், அனுமதி இல்லாத வீட்டுக்குத் தண்ணீர், மின்சார இணைப்புக்கு அலைய வேண்டியிருக்கும், உடைக்கச் சொல்லிக் கடிதமும் வரலாம்.

கேட்க நன்றாக இருக்கும்: சொந்தக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில், கோயிலும் கூப்பிடு தூரத்தில். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் நிலத்தை வீட்டு மனையாக மாற்றி, அளந்து, தனிக் கிராண்ட் வாங்கிய பிறகு விற்கட்டும், அப்போது வாங்குங்கள். அதுவரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

சாரியான் தாளில் வேறு என்னவெல்லாம் பார்க்கணும்?

'கெரான்' என்று இருந்தால் ஃப்ரீஹோல்ட் (நிரந்தர உரிமை), 'பஜாக்கான்' என்றால் லீஸ்ஹோல்ட் (குத்தகை உரிமை). லீஸ்ஹோல்டில் முடியும் தேதி போட்டிருக்கும், மீதி வருடம் குறையக் குறைய வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். 'செக்காத்தான் கெபெந்திஙான்' (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியை விரல் வைத்துப் படியுங்கள். மாநில அரசின் அனுமதியில்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று இருந்தால் அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும். 'ரிசாப் மெலாயு' (மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலம்) என்று இருந்தால் நம்மால் வாங்கவே முடியாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பூமிபுத்ரா லாட் (மலாய்க்காரர், பூர்வகுடிகளுக்கு ஒதுக்கியது) என்றால் கட்டுப்பாட்டை விடுவிக்க மாநில அனுமதி வேண்டும், அந்த அனுமதியை வாங்குவது விற்பவரின் பொறுப்பு. அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். 'கவேயாட்' இருந்தால் யாரோ அந்த வீட்டில் உரிமை கோருகிறார்கள் என்று அர்த்தம், யார், எதற்கு என்று லாயர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

ஷா ஆலம், ஸ்ரீ மூடா பக்கம் வீடு மலிவா வருது. 2021 வெள்ளத்துக்கு அப்புறம் வாங்கலாமா?

2021 டிசம்பரில் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரையேறி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். ஏஜெண்டை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒருநாள் போய், அதே வரிசையில் இருக்கும் ஒரு பாட்டியிடம் பேசுங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார். கீழே ஒரு நிறம் மேலே ஒரு நிறம் என்று புதுப் பெயிண்ட், இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்த பிளக் பாயிண்ட், கதவு நிலையின் அடியில் ஊறிப்போன மரம், இதெல்லாம் கதை சொல்லும். கிள்ளானில் கனமழையும் கடல் பெருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய இடம் இருக்காது, அப்படிப்பட்ட மாலையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

அப்புறம் மண். கிள்ளான், கோல லங்காட் கரையோரம் முழுக்க மெத்தென்ற களிமண், ஜொஹான் செத்தியா பக்கம் கரி மண். வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்பதால் நிற்கும், பைலிங் இல்லாத கார் போர்ச்சும் பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். போர்ச் தரையும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் குனிந்து பாருங்கள். விரல் நுழையும் இடைவெளி இருக்கும், சில வீட்டில் அதைச் சிமெண்டு பூசி மறைத்திருப்பார்கள், அந்தச் சிமெண்டும் மறுபடி வெடித்திருக்கும். அடுப்படிச் சுவரில் விரிசல் மூலைக்கு மூலை சாய்வாக ஓடினால் பழுதுபார்க்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிப் பேசுங்கள். இழுத்துக் கட்டிய பகுதிக்கு மாநகராட்சி அல்லது நகராண்மைக் கழக அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புது வீட்டுத் திட்டம், 'புக்கிங்' 1,000 வெள்ளி கட்டினால் லாட் பிடித்து வைப்போம் என்கிறார்கள்.

வாங்கும் பத்திரத்தில் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டாளர் எந்தப் பெயரில் பணம் வாங்குவதும் வீடமைப்புச் சட்ட விதிகளுக்கு எதிரானது. லைசென்ஸ் எண்ணையும் விளம்பர அனுமதி எண்ணையும் கேட்டு வீடமைப்பு அமைச்சின் பட்டியலில் சரிபாருங்கள். தரை வீடு என்றால் 24 மாதத்தில், அடுக்குமாடி என்றால் வழக்கமாக 36 மாதத்தில் சாவி கொடுக்கவேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில் இழப்பீடு. சாவி வாங்கிய பின் 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை அவர்களே சரிசெய்யவேண்டும், அதனால் குறைகளை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், லாயர் தேவையில்லை.

லெலோங் (ஏல) வீடு பாதி விலைக்கு வருதே, அக்கா?

வரும். உள்ளே போய்ப் பார்க்கமுடியாது, உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவது உங்கள் வேலை, பராமரிப்புக் கட்டண பாக்கி யார் தலையில் என்பது ஏல நிபந்தனையைப் படித்தால்தான் தெரியும். 10 விழுக்காடு கட்டி எடுத்த பின் கெடுவுக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. முதல் வீடு வாங்குபவருக்கு நான் சொல்வதில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி. ஐந்து மாடி ஃபிளாட்டில் நாலாவது மாடி மலிவாக இருக்கிறது.

லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டா? வேண்டாம் அம்மா. கீழ்த்தளத்துக்குக் காத்திருங்கள், பத்தாயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை.

பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன்) பாக்கி இருக்கு. லோன் கிடைக்குமா?

அந்தப் பாக்கி சிசிரிஸ் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) அறிக்கையில் தெரியும். பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸில் இலவசமாக உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், கடந்த 12 மாதத் தவணை வரலாறு அதில் இருக்கும். பிடிபிடிஎன்-இடம் பேசி மாதத் தவணையை மாற்றியமைத்துக்கொண்டு, தவறாமல் சில மாதம் கட்டிய பிறகு வீட்டுக் கடனுக்கு மனு போடுங்கள். ஒரே மாதத்தில் ஐந்து வங்கிக்கு மனு போட்டால் அதுவும் அறிக்கையில் நிற்கும். சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்தத் தொழில் செய்பவர்கள் வங்கியில் அரசின் எஸ்ஜேகேபி வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் பற்றிக் கேளுங்கள்.

நான் 63 வயசு ஆள், தங்கச்சி. மகன் லோன் கட்டுறான், முன்பணம் என்னோடது. கிராண்ட்ல யார் பேரு போடுறது?

ஐயா, இரண்டு பேர் பெயரும் போட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று கிராண்டிலேயே எழுதிவிடலாம். ஆனால் நம் நாட்டில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்றவருக்குப் போகாது, உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு, பெற்றோருக்கு, பிள்ளைகளுக்கு என்று பிரியும். மகனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்து, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பங்கில் மருமகளுக்கு கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்கு கால். கடன் மகன் பெயரில் மட்டும் என்று வங்கி சொன்னால், உங்கள் முன்பணத்துக்கும் நீங்கள் ஆயுள் முழுக்க அங்கே இருப்பதற்கும் ஓர் ஒப்பந்தம் எழுதச் சொல்லி லாயரைக் கேளுங்கள், மகன் கோபித்துக்கொள்ளமாட்டார். எம்ஆர்டிஏ காப்புறுதியும் எடுக்கச் சொல்லுங்கள், மகனுக்கு ஏதாவது ஆனால் மீதிக் கடனை அது கட்டும். கிராண்ட் நகலையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு மகனையும் கூட்டி வந்தால் உயிலையும் அதே நாளில் எழுதி முடித்துவிடலாம்.