பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி: டாலஸுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி வேலை விசாவில் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் பக்கம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகன் ஒன்றாம் வகுப்பில் சேரப் போகிறான். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், ஊழியர்களில் சிலர் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. லைசென்ஸ் உள்ள பெரியவர்கள் பள்ளிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது பிள்ளைக்குப் பாதுகாப்பா, நீங்களும் ஒன்று வாங்கிப் பழகிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, கார் கடன், பள்ளி ரேட்டிங், மகனுக்குப் பையும் ஷூவும் எங்கே வாங்குவது என்றும்.

வாடகைக்கும் காருக்கும் பதில் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். ரேட்டிங் பத்துக்கு எட்டா ஒன்பதா என்று நம்மவர்கள் வீடு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பள்ளியின் பக்கவாட்டுக் கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று அவர்களில் ஒருவர்கூட இழுத்துப் பார்த்ததில்லை. அதனால் துப்பாக்கிக் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வந்த புதிதில் எங்களுக்கு இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை.

முதலில் உங்களைப் பற்றி. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, கையில் எடுத்தாலும் குற்றம்தான். 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் அது தனிக் காரணம். "வா, ரேஞ்சுக்குப் போய் ரெண்டு ரவுண்டு சுட்டுட்டு வரலாம்" என்று வார இறுதியில் கூப்பிடும் அலுவலக நண்பருக்கு இது தெரிந்திருக்காது. வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்பார்கள். அப்படி ஒரு விதிவிலக்கு சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வரும்வரை இந்தப் பேச்சே உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து, லைசென்ஸ் என்பது எவ்வளவு பெரிய தகுதி என்று பார்ப்போம். டெக்சாஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கான வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 மதிப்பெண், 175 எடுத்தால் தேர்ச்சி. காகித இலக்கு அசையாது, வெளிச்சம் நன்றாக இருக்கும், யாரும் அலற மாட்டார்கள், குறுக்கே குழந்தைகள் ஓட மாட்டார்கள். அது ஒருவரின் சொந்தப் பாதுகாப்புக்கான அனுமதி, அவ்வளவுதான். 2021 செப்டம்பர் முதல் அந்த லைசென்ஸ்கூட இல்லாமலே 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டம் 1990-இல் வந்தது. சான் அன்டோனியோவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தது. மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, "லைசென்ஸே தேவையில்லை" என்ற மாநில விதியை நம்பி வருபவருக்குக் கிடையாது. அவர் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட வரிசையில் நின்றால், மாநிலச் சட்டத்தில் தப்பினாலும் மத்தியச் சட்டத்தில் மாட்டுவார். கிரீன் கார்டு வந்த மாதமே துப்பாக்கி வாங்கிப் படம் எடுத்து அனுப்பும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பள்ளிக் கட்டடத்துக்குள்ளும், பள்ளி நடத்தும் நிகழ்ச்சி மைதானத்திலும், பள்ளிப் பேருந்திலும் பள்ளியின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் ஆயுதம் கொண்டுபோவது டெக்சாஸில் குற்றம். லைசென்ஸ் இருந்தாலும் குற்றமே. ஆகவே உங்கள் கடிதத்தில் உள்ள "சிலர்", கைப்பையில் துப்பாக்கியோடு வரும் யாரோ ஒரு டீச்சர் இல்லை. ஹாரோல்டு என்ற குக்கிராமப் பள்ளி மாவட்டம் (இங்கே பள்ளி மாவட்டம் என்றால் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 2007-இல் தொடங்கிவைத்த 'கார்டியன்' முறையில் பள்ளி வாரியம் பெயர் குறித்து அனுமதி தந்தவராக இருக்கலாம். 2013 சட்டப்படி மனநலத் தகுதிச் சோதனையும் 80 மணி நேரப் பயிற்சியும் முடித்த 'பள்ளி மார்ஷல்' ஆக இருக்கலாம். 2023 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆள் கிடைக்காத, பணம் போதாத மாவட்டங்கள் காரணம் காட்டி மாற்று ஏற்பாட்டுக்குப் போகலாம். அந்த மாற்றுதான் மார்ஷலும் பயிற்சி பெற்ற ஊழியரும். அந்தச் சட்டத்தோடு அரசு அப்போது ஒதுக்கியது பள்ளிக்கு 15,000 டாலரும் மாணவருக்கு 10 டாலரும். அந்தப் பணத்தில் முழுநேரப் போலீஸ் ஒருவரை வைக்க முடியாது என்று கணக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் பள்ளியில் எது என்று எழுதிக் கேளுங்கள். மார்ஷல் இருக்கிறாரா என்று பெற்றோர் எழுத்தில் கேட்டால் மாவட்டம் எழுத்தில் பதில் தர வேண்டும். யார் என்று சொல்ல மாட்டார்கள், அது சரிதான். கேட்க வேண்டிய மற்றவை: துப்பாக்கி உடம்பிலேயே இருக்குமா, பெட்டகத்திலா? வருஷத்துக்கு எத்தனை தடவை மறுபயிற்சி? ஊர்ப் போலீசுக்கு அவர்களின் முகம் தெரியுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சத்தம் கேட்டு ஓடிவரும் போலீஸ்காரருக்குச் சாதாரண உடையில் துப்பாக்கியோடு நிற்பவர் டீச்சரா கொலைகாரனா என்று பிரித்துப் பார்க்க அரை நொடிதான் இருக்கும்.

என் கருத்து இதுதான். லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒரு பெரியவரைத் துப்பாக்கியோடு பள்ளிக்குள் விடக்கூடாது. போலீஸ் வந்துசேர அரை மணி ஆகும் கிராமத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பதை நான் எதிர்க்கவில்லை. டாலஸ் புறநகரில் அந்தக் காரணம் நிற்காது. நியூயார்க் போலீசைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எதிராளி திருப்பிச் சுடும் சண்டைகளில் போலீசார் சுட்டதில் நூற்றுக்கு 18-தான் இலக்கில் பட்டது. அவர்கள் தொழில்முறைப் போலீசார். மீதித் தோட்டா எங்கே போகும்? வகுப்புகளுக்கு நடுவே பல பள்ளிகளில் இருப்பது ஷீட்ராக் என்ற மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவர், தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வகுப்புக்குள் போய்விடும்.

தினசரி ஆபத்தையும் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சரைக் கட்டிக்கொள்வது இடுப்பைச் சுற்றித்தான். துப்பாக்கி இருப்பதும் அங்கேதான். கைப்பையில் வைத்தால் பை மேசையடியில் கிடக்கும். கழிப்பறையில் பெல்ட்டைத் தளர்த்தும்போது உறையோடு கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள், மறந்துவிட்டு வந்துவிடுவார்கள். டெக்சாஸில் ஒரு சிற்றூரில் 2023 ஜனவரியில் இதேதான் நடந்தது. பள்ளிக் கழிப்பறையில் மறந்துவைத்த துப்பாக்கி மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணில் பட்டது. வைத்தவர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி. யூட்டாவில் 2014-இல் ஒரு ஆசிரியையின் துப்பாக்கி கழிப்பறையில் தவறுதலாக வெடித்து, சிதறிய பீங்கான் துண்டுகள் அவர் காலிலேயே பாய்ந்தன. கன்சாஸ் 2013-இல் ஆசிரியர்களுக்கு அனுமதி தந்தபோது, அங்கே பெரும்பாலான பள்ளிகளுக்குக் காப்பீடு தந்த நிறுவனம், அப்படி அனுமதிக்கும் பள்ளிக்குக் காப்பீடு தர முடியாது என்று சொல்லிவிட்டது. ஆபத்தைப் பணமாகக் கணக்கிடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

துப்பாக்கி ஏந்தியவர் இருந்தாலே போதும் என்பவர்கள் டெக்சாஸின் யுவால்டி ஊரில் நடந்த பள்ளிப் படுகொலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 மே 24. ராப் தொடக்கப் பள்ளிக்கு வந்துசேர்ந்த காவலர்கள் 376 பேர். கொலைகாரன் இருந்த வகுப்புக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் போய்விட்டார்கள். ஃப்ளோரிடாவின் பார்க்லாண்டில் 2018-இல் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, பள்ளிக்கென்றே இருந்த ஆயுதக் காவலர் கட்டடத்துக்கு வெளியே நின்றுவிட்டார். பயிற்சியும் சம்பளமும் சீருடையும் உள்ளவர்களே உறைந்துபோன இடம் அது.

யுவால்டியைப் பற்றி டெக்சாஸ் சட்டசபைக் குழு தந்த அறிக்கையில் கதவு பற்றிய பகுதியைத்தான் நான் எல்லாரையும் படிக்கச் சொல்வேன். வெளிக்கதவு சாத்தப்பட்டிருந்தது, ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. 111-ஆம் அறையின் கதவுப் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கும் தெரியும். சாவி பற்றாக்குறையால் கதவுக்குக் கல் வைப்பதும் காந்தம் ஒட்டுவதும் அங்கே வழக்கமாகவே இருந்தது.

காந்தம் என்றால், நிலைச்சட்டத்தில் பூட்டின் நாக்கு போய் விழும் துளையை மூடி ஒட்டும் ஒரு பட்டை. பூட்டு பூட்டியே இருக்கும், ஆனால் நாக்கு துளைக்குள் விழாததால் கதவு தள்ளினால் திறக்கும். ஆபத்து வந்தால் பட்டையை உருவிக் கதவைச் சாத்த வேண்டும். பதற்றத்தில் விரல் நடுங்கும்போது உருவ மறந்தால் எல்லாம் போயிற்று. பழைய பூட்டுகள் வராந்தா பக்கமிருந்து சாவி போட்டால்தான் பூட்டும், டீச்சர் வெளியே தலை நீட்ட வேண்டும். உள்ளிருந்தே பூட்டும் வகைதான் வேண்டும். வெளிக்கதவிலும் ஒன்று: ஏசி காற்றின் அழுத்தத்தாலோ, கதவைத் தானாகச் சாத்தும் டோர் க்ளோசர் தளர்ந்ததாலோ கதவு நிலையில் ஒட்டி நிற்கும், நாக்கு மட்டும் விழுந்திருக்காது. பார்த்தால் மூடிய கதவு, இழுத்தால் கையோடு வரும். பள்ளிக்குப் போகும்போது நீங்கள் வெளியே வந்த கதவை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அன்றைக்கே ஆபீசில் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை எல்லா வெளிக்கதவையும் சோதிக்க வேண்டும் என்பது இப்போது அவர்களுக்கே விதி.

இங்கே நம்மவர்கள் மேல் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல, அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்கின்றன. அன்றைக்கு ஆயுதக் காவலர் கிடையாது, முன் ஆபீசில் ஆள் கிடையாது. தாமதமாக வரும் ஒரு குடும்பத்துக்காகப் பக்கக் கதவில் மடக்கு நாற்காலியைச் செருகி வைத்துவிட்டு, சமோசா தட்டோடு உள்ளே போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம் கதவு ஆவென்று கிடக்கும். அதே பெற்றோர்தான் வாட்ஸப் குழுவில் ஆசிரியருக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா என்று இரவு ஒரு மணி வரை சண்டை போடுகிறார்கள். வாசலில் முறை வைத்து ஒருவர் நின்றால் போதும். நாங்கள் வந்த 2000-களின் தொடக்கத்தில் எல்லாப் பள்ளியும் இப்படித்தான் கிடந்தது. டிபன் டப்பாவை மறந்த பிள்ளைக்கு நேரே வகுப்பு வாசலில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். அந்தக் காலம் திரும்பாது.

இனி வீடுகள். 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை அமெரிக்க ரகசியக் காவல் பிரிவு ஆராய்ந்து 2019-இல் அறிக்கை தந்தது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதைத் தாய் தந்தை வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள். மிச்சிகனில் 2021-இல் பள்ளியில் சுட்ட மாணவனின் பெற்றோர் இருவருக்குமே 2024-இல் 10 முதல் 15 ஆண்டு சிறை. டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டாவோடு துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். மகன் விளையாடப் போகும் வீட்டில், "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகக் கேளுங்கள். அமெரிக்கர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களாகத்தான் இருப்பார்கள்.

மகனுக்கும் சொல்லி வையுங்கள். தீபாவளிக்கு வாங்கும் பொட்டுவெடித் துப்பாக்கி பள்ளிப் பையில் போகக்கூடாது. "சுட்டுடுவேன்" என்று நம் வீட்டில் விளையாட்டாகச் சொல்வதை அங்கே ஆங்கிலத்தில் சொன்னால் போலீஸ் வரைக்கும் போகும்.

பிறகு, பெயர். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். மகனுக்கு உங்கள் பெயர் கடைசிப் பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர். அவசரத்தில் பள்ளியைக் காலி செய்தால் பிள்ளைகளை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய், படம் போட்ட அடையாள அட்டையில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் ஒப்படைப்பார்கள். ஆகவே அவசரத் தொடர்புப் பட்டியலில் இருவர் பெயரையும் அட்டையில் உள்ள அதே எழுத்தில் பதியுங்கள். 15 நிமிடத்தில் வரக்கூடிய உள்ளூர் நண்பர் இருவரையும் சேருங்கள். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

லாக்டவுன் என்று செய்தி வந்தால் காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள், ஆம்புலன்ஸ் வரும் வழி அடைபடும். 'செக்யூர்' என்றால் ஆபத்து வெளியே, கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடக்கும். 'லாக்டவுன்' என்றால் ஆபத்து உள்ளே. பூட்டு, விளக்கணை, கண்ணில் படாமல் ஒளிந்துகொள் என்பதுதான் பாடம். பருவத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சி நடக்கும். ஆறு வயதுப் பிள்ளையிடம் கொலைகாரன் கதையெல்லாம் வேண்டாம். "டீச்சர் சொன்னால் மூலையில் பேசாமல் உட்காரணும்" என்றால் போதும்.

ஷூ எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தக் கடையிலும் வாங்குங்கள், ஆனால் நடந்தால் அடியில் விளக்கு மின்னும் ஷூ வேண்டாம். இருட்டறையில் பிள்ளை காலை லேசாக அசைத்தாலும் அது மின்னும். அவனே ஒட்டிக்கொள்கிற மாதிரி வெல்க்ரோ வைத்த சாதா ஷூவாக வாங்குங்கள்.